கோழி விலையும் விலக முடியாதவர்களும்

காலைச் சந்தையில் ஒரு கிலோ கோழியின் விலை ஒரு ரிங்கிட் ஏறிவிட்டால், முதலில் பழியைச் சுமப்பவர் கடைக்காரர்தான். "நம்மிடம் கொள்ளை அடிக்கிறார்" என்று வாங்க வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். கடைக்காரர் எதிரே நிற்கிறார். அவர் முகம் தெரிகிறது. தீவனம் ஏற்றி வரும் கப்பலும் ரிங்கிட்டின் நாணய மாற்று மதிப்பும் யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. அதனால் பழி அருகில் இருப்பவர்மீது விழுகிறது. இது மனித இயல்பு. ஆயினும், விலை ஏறும்போது "குற்றம் யாருடையது?" என்ற கேள்வியோடு நின்றுவிடுவது போதாது. "இந்த விலையிலிருந்து விலகிச் செல்ல யாரால் முடியும், யாரால் முடியாது?" என்பதே அதைவிடப் பயனுள்ள கேள்வி. 2022-ஆம் ஆண்டில் மலேசியாவில் ஏற்பட்ட கோழித் தட்டுப்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும்.

அந்த ஆண்டில் மலேசியர்களுக்குத் திடீரென்று கோழி இறைச்சிமீது ஆசை பெருகிவிடவில்லை. மாற்றம் நிகழ்ந்தது வளர்ப்பவர் பக்கத்தில். கோழி வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. அத்தீவனத்தின் முக்கியப் பொருள்களான மக்காச்சோளமும் சோயா அவரையும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. உலகின் பெரிய மக்காச்சோள ஏற்றுமதி நாடுகளில் ஒன்று உக்ரேன். 2022 பிப்ரவரியில் அங்குப் போர் மூண்டதும், முன்பே ஏறிக்கொண்டிருந்த தானிய விலை மேலும் ஏறியது. ரிங்கிட்டின் மதிப்பும் சரிந்ததால், அதே அளவு சோளத்துக்குக் கூடுதல் ரிங்கிட் தேவைப்பட்டது. கோழிகளிடையே பரவிய நோயும் சீரற்ற வானிலையும் நிலைமையை இன்னும் மோசமாக்கின.

பொருளியல் பாடம் இதனை 'அளிப்பு இடப்பெயர்ச்சி' என்று அழைக்கும். மாணவர் பலர் இடறி விழும் இடம் இது. விலை ஏறியதால் வாங்குவோர் குறைவாக வாங்கினால், தேவைக் கோடு அப்படியே இருக்கிறது. வாங்குவோர் அதே கோட்டின்மீது வேறொரு புள்ளிக்கு நகர்கிறார்கள். தீவனச் செலவு ஏறும்போது நடப்பது வேறு. முன்பு ஒரு விலைக்கு ஆயிரம் கோழி தர ஆயத்தமாக இருந்த வளர்ப்பாளர், இப்போது அதே விலைக்கு எண்ணூறு கோழிதான் தருவார். அல்லது ஆயிரம் கோழிக்குக் கூடுதல் விலை கேட்பார். அளிப்புக் கோடு முழுவதுமாக இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. கடைக்காரரின் பேராசை முந்தைய மாதத்தில் இருந்த அளவிலேயே இருந்தாலும் விலை ஏறும் என்பதே இதன் பொருள்.

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. 2022 பிப்ரவரி 5 முதல் தீபகற்ப மலேசியாவில் ஒரு கிலோ சாதாரணக் கோழியின் உச்ச விலை 8 ரிங்கிட் 90 சென் என நிர்ணயிக்கப்பட்டது. வளர்ப்பாளரின் இழப்பை ஓரளவு ஈடுகட்டக் கிலோவுக்கு 60 சென் மானியமும் அறிவிக்கப்பட்டது. நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால், உச்ச விலை தீவனத்தின் விலையைக் குறைக்காது. கோழியின் எண்ணிக்கையைக் கூட்டாது. விலைப் பலகையில் உள்ள எண்ணை மட்டுமே அது மாற்றுகிறது. செலவைவிடக் குறைவான விலைக்கு விற்க வேண்டிய நிலை வரும்போது, கையில் பணமுள்ள பெரிய நிறுவனம் சில மாதங்கள் தாங்கும். கடன் வாங்கிப் பண்ணை நடத்தும் சிறு வளர்ப்பாளரோ அடுத்த முறை குஞ்சு இறக்குவதற்கு முன் இருமுறை யோசிப்பார். ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தால் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் உடனே தெரியாது. ஆறேழு வாரம் கழித்துச் சந்தையில் தெரியும்.

அந்த ஆறேழு வாரக் கணக்கு முக்கியமானது. முட்டை பொரிய 21 நாள். குஞ்சு இறைச்சிக் கோழியாக வளர மேலும் ஐந்து ஆறு வாரம். ஆகவே, இன்று விலை ஏறினாலும் நாளையே கூடுதல் கோழி வந்துவிடாது. குறுகிய காலத்தில் அளிப்பு விறைப்பாக இருக்கிறது. காலம் செல்லச் செல்ல நெகிழ்கிறது. ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த பழைய தலைமுறையினருக்கு இந்த உண்மை இன்னும் கசப்பான வடிவில் தெரிந்திருந்தது. ரப்பர் மரத்தை நட்டு, முதல் பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். விலை உச்சத்தில் இருந்தபோது நட்ட கன்று, விலை விழுந்த பிறகு பால் தரும் நிலையும் வரலாம். அதனோடு ஒப்பிட்டால் கோழி மிக விரைவாகவே மறுமொழி தருகிறது. ஆனால், அதற்கு வளர்ப்பாளர் குஞ்சு இறக்கும் துணிவோடு இருக்க வேண்டும்.

விலையை மட்டும் கட்டிவைத்தால் தட்டுப்பாடு வேறு வழியில் வெளிப்படும். முழுக் கோழிக்கு உச்ச விலை இருந்தால், அதை வெட்டித் துண்டுகளாகக் கூடுதல் விலைக்கு விற்கத் தோன்றும். வாடிக்கையாளர் பலரில் நெடுநாள் பழகியவருக்கு மட்டும் கோழி எடுத்துவைக்கத் தோன்றும். விடியற்காலையில் சந்தைக்குச் செல்ல முடிந்தவருக்குக் கோழி கிடைக்கும். இரவுப் பணி முடித்துப் பத்து மணிக்கு வருபவருக்குக் கிடைக்காது. பணத்தால் நடந்த பங்கீடு இப்போது நேரத்தாலும் பழக்கத்தாலும் நடக்கிறது. இது முன்னதைவிட நியாயமானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

2022 ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை விதித்தது. அதுவரை மாதத்துக்கு 36 இலட்சம் கோழிகள்வரை வெளிநாடு சென்றன. அவற்றை உள்நாட்டில் நிறுத்திவைத்தால் அளிப்பு கூடும், விலை தணியும் என்பது கணக்கு. குறுகிய காலத்துக்கு அக்கணக்கு சரிதான். ஆனால், பாலத்துக்கு அப்பாலும் ஒரு சந்தை உண்டு. 2021-இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி உயிருள்ள கோழியாக எல்லை கடந்து, அங்கே அறுக்கப்பட்டு, அன்றே கோழிச் சோற்றுக் கடைகளை அடைந்தது. தடை வந்ததும் சிலர் விலையை ஏற்றினர். சிலர் உறைந்த கோழிக்கு மாறினர். "உறைந்த கோழியில் அந்தச் சுவை வராது" என்று தயங்கிய கடைக்காரரும் உண்டு. தொடக்கத்தில் அவர்களால் விலக முடியவில்லை. தேவை விறைப்பாக இருந்தது.

காலம் அதையும் நெகிழ வைத்தது. அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் சிங்கப்பூர் இந்தோனேசியாவிலிருந்து கோழி இறைச்சி வாங்க ஒப்புதல் அளித்தது. குளிரூட்டிய கோழியும் உறைந்த கோழியும் வேறு நாடுகளிலிருந்து வந்தன. மலேசியா 2022 அக்டோபரில் உயிருள்ள இறைச்சிக் கோழிகளின் ஏற்றுமதியை ஓரளவு மீண்டும் திறந்தபோது, வாங்குபவரின் கையில் முன்பைவிட அதிக வழிகள் இருந்தன. ஏற்றுமதித் தடையை ஆதரிப்போர் இதைக் கணக்கில் எடுப்பது அரிது. தடையால் வாங்குபவர் மாற்றுப் பொருளைத் தேடக் கற்றுக்கொள்கிறார்; கற்ற பாடம் தடை நீங்கியதும் மறந்துபோவதில்லை. அந்தச் சந்தையை நம்பிப் பண்ணை நடத்திய வளர்ப்பாளருக்கு இது நீண்ட கால இழப்பு.

இங்கேதான் 'விலை நெகிழ்ச்சி' என்ற சொல்லின் உண்மையான பயன் தெரிகிறது. தேர்வுத் தாளில் அது ஒரு வகுத்தல் கணக்கு: தேவை மாறிய விழுக்காட்டை விலை மாறிய விழுக்காட்டால் வகுக்க வேண்டும். வாழ்க்கையில் அது வாங்குபவருக்கு எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் அளவுகோல்.

ஓர் எளிய கணக்கை எண்ணிப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. காலைச் சந்தையில் ஒரு கிலோ 9 ரிங்கிட் வீதம் நாளுக்கு 100 கிலோ கோழி விற்கும் கடை ஒன்று. விலை 10 விழுக்காடு ஏறி 9 ரிங்கிட் 90 சென் ஆகிறது. வாங்குவோர் 4 விழுக்காடு மட்டுமே குறைத்துக்கொண்டு 96 கிலோ வாங்குகிறார்கள். நெகிழ்ச்சி 0.4, ஒன்றைவிடக் குறைவு. கடையின் வருவாய் 900 ரிங்கிட்டிலிருந்து 950 ரிங்கிட் 40 சென்னாகக் கூடுகிறது. வீட்டில் சமைப்பவருக்குக் கோழி எளிதில் விடக்கூடிய பொருள் அல்ல. மீனும் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் அதைவிட விலை கூடியவை. எனவே முணுமுணுத்துக்கொண்டே வாங்குகிறார்.

அதே சந்தைக்கு அருகில் ஓர் அங்காடிக் கடையில் கோழிச் சோறு ஒரு தட்டு 7 ரிங்கிட்டுக்கு விற்கிறது. நாளுக்கு 100 தட்டு. கோழி விலை ஏறியதால் கடைக்காரர் தட்டின் விலையை அதே 10 விழுக்காடு ஏற்றி 7 ரிங்கிட் 70 சென் ஆக்குகிறார். பக்கத்துக் கடையில் மீ கோரேங் இருக்கிறது. எதிரே தோசை இருக்கிறது. வீட்டிலிருந்து கட்டுச் சோறு கொண்டு வரவும் முடியும். நாளுக்கு 80 தட்டுதான் விற்கிறது. நெகிழ்ச்சி 2. வருவாய் 700 ரிங்கிட்டிலிருந்து 616 ரிங்கிட்டாகக் குறைகிறது.

கோழி ஒன்றுதான், விலை ஏற்றமும் ஒன்றுதான். முதல் கடையின் வருவாய் கூடியது, இரண்டாவது கடையின் வருவாய் சரிந்தது. அங்காடிக் கடைக்காரர் கோழி வாங்கும்போது விலக முடியாதவர். கோழிச் சோறு விற்கும்போதோ எளிதில் விலகக்கூடிய வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பவர். இரண்டு பக்கமும் நெருக்கப்படும் இவரைத்தான் பல வேளைகளில் 'விலையை ஏற்றிவிட்டார்' என்று சமூக ஊடகத்தில் படம் பிடித்துப் போடுகிறார்கள். உணவின் விலைப் பட்டியலைப் பகிர்வதற்கு முன், அவர் அந்த வாரம் ஒரு கோழிக்கு என்ன கொடுத்தார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

சந்தைக் கடையின் கூடுதல் வருவாயும் அப்படியே இலாபம் ஆகிவிடாது. மொத்த விற்பனையாளருக்கு அவர் கொடுக்கும் விலையும் ஏறியிருக்கிறது. வருவாய் வேறு, இலாபம் வேறு என்பதைப் பலரும் பேச்சில் கலந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வேறுபாடு மேலும் கவலை தருவது. வசதியான குடும்பம் கோழி விலை ஏறினால் மீன் வாங்கலாம், அல்லது விலையைக் கவனிக்காமலேயே கோழி வாங்கலாம். நடுத்தரக் குடும்பம் வாரத்தில் ஒரு நாள் கோழிக்குப் பதில் முட்டை சமைக்கும். ஏற்கெனவே முட்டையில் வாழும் குடும்பம் எதற்கு மாறும்? 2022-இன் பிற்பகுதியில் முட்டைக்கும் தட்டுப்பாடு வந்தது. தமிழ்நாட்டின் நாமக்கல்லிலிருந்துகூட மலேசியாவுக்கு முட்டை வரவழைக்கப்பட்டது. ஒரு முட்டைக்கு ஐந்து சென் ஏற்றம் என்பது செய்தியில் கேட்கும்போது சிறு தொகை. பிள்ளைகள் நால்வர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு முட்டை என்றால் மாதத்துக்கு 9 ரிங்கிட். மாற்றுப் பொருள்களின் ஏணியில் கடைசிப் படியில் நிற்பவருக்கு இறங்குவதற்கு வேறு படி இல்லை. பாடநூல் மொழியில் சொன்னால் அவருடைய தேவை நெகிழ்ச்சியற்றது. விலை ஏறியும் அவர் அதே அளவு முட்டை வாங்கினால், 'மக்கள் சமாளித்துக்கொள்கிறார்கள்' என்று முடிவு கட்டுவது தவறு. முட்டையின் அளவு குறையவில்லை. வேறு ஏதோ குறைந்திருக்கிறது. பள்ளிக்கு எடுத்துச் செல்லும் காசாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம்.

இத்தனையும் சொன்னதால் வணிகர் அனைவரும் அப்பாவிகள் என்று ஆகிவிடாது. நெகிழ்ச்சியற்ற தேவை எங்கே இருக்கிறது என்று வணிகர்களுக்கு நன்றாகவே தெரியும். தீபாவளிக்கு முன்வரும் நாள்களில் ஆட்டிறைச்சியும் தேங்காயும் பருப்பும் தக்காளியும் வாங்காமல் பெரும்பாலான இந்தியக் குடும்பங்களால் இருக்க முடியாது. 'அடுத்த வாரம் விலை இறங்கட்டும்' என்று காத்திருக்கவும் முடியாது. பண்டிகை தேதி பார்த்து வருகிறது. அத்தகைய நாள்களில் செலவு ஏறாமலேயே விலையை ஏற்றுபவர் இருக்கக்கூடும். அதற்காகவே பண்டிகைக் கால உச்ச விலைத் திட்டம் நடைமுறைப்படுத்தப்படுகிறது. 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. இந்தக் கட்டுப்பாடு நியாயமானது; காரணம், அது சில நாள்களுக்கு மட்டுமே நீடிக்கிறது. முன்கூட்டியே இருப்பில் வைத்த பொருள் அந்தச் சில நாள்களில் குறைந்துபோகாது. அதற்குள் எந்த வளர்ப்பாளரும் கொட்டகையை மூட முடிவெடுப்பதில்லை. தேவை பண்டிகைக்காக மட்டும் வலப்பக்கம் நகர்ந்து, பின்னர் திரும்பிவிடுகிறது.

அதே மருந்தை மாதக் கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் நோய் மாறிவிடும். செலவு ஏறியதால் வந்த விலையேற்றத்தை உச்ச விலையால் நெடுநாள் அடக்கினால், அளிப்பு மேலும் சுருங்கும். 2022 ஜூலை 1 முதல் கோழியின் உச்ச விலை 9 ரிங்கிட் 40 சென்னாக உயர்த்தப்பட்டதே, பழைய விலை நிலைக்கவில்லை என்பதற்குச் சான்று. 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கான மானியமும் விலைக் கட்டுப்பாடும் நிறுத்தப்பட்டன. பலர் அஞ்சியதுபோல் விலை வானளவு ஏறிவிடவில்லை. அதற்குள் அளிப்பு சீராகியிருந்தது. கொட்டகைகளில் குஞ்சுகள் இருந்தன. கட்டுப்பாட்டை நீக்குவதற்கும் தக்க நேரம் உண்டு என்பதை இது காட்டுகிறது. தட்டுப்பாட்டின் உச்சத்தில் நீக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

முட்டைக்கான மானியம் இன்னும் நெடுநாள் நீடித்தது. 2025 மே 1 முதல் அது ஒரு முட்டைக்கு 10 சென்னிலிருந்து 5 சென்னாகக் குறைக்கப்பட்டு, ஆகஸ்டு 1 முதல் முற்றாக நிறுத்தப்பட்டது. இந்த மானியத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. அது முட்டைக்குத் தரப்பட்டதே ஒழிய, மனிதருக்குத் தரப்படவில்லை. நாளுக்கு நூற்றுக்கணக்கான முட்டை வாங்கும் தங்கும் விடுதிக்கும் அணிச்சல் கடைக்கும் அதிக மானியம் போனது. ஆறு முட்டை வாங்கும் குடும்பத்துக்கு ஆறு முட்டைக்கான மானியமே கிடைத்தது. எளிதில் விலகக்கூடியவரும் விலக முடியாதவரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டார்கள்.

இதற்கு மாற்றாக, உதவியைப் பொருளுக்குத் தராமல் வாங்குபவருக்கே தருவதுதான் சிறந்த வழி. மலேசியாவின் 'சாரா' உதவித் திட்டம் அந்தத் திசையில் செல்கிறது. தகுதி பெற்றவர் தம் மைகாட் அட்டையைக் கடையில் காட்டி, அரிசி போன்ற அடிப்படைப் பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். சந்தை விலை தன் போக்கில் ஏறி இறங்குகிறது; ஆகவே வளர்ப்பாளருக்குச் சரியான செய்தி போய்ச் சேர்கிறது. வாங்குபவரோ கையில் உள்ள தொகையை எதற்குச் செலவிடுவது என்று தாமே முடிவு செய்கிறார். ஒரு மாதம் ஒரு பொருள் விலை ஏறினால் அவர் வேறொன்றுக்கு மாறலாம். இறங்க இன்னொரு படி அவருக்குக் கிடைக்கிறது.

ஆனால், இந்தத் திட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2025 ஆகஸ்டு 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் ஒருமுறை 100 ரிங்கிட் 'சாரா' உதவி வழங்கப்பட்டது. கோழி விலையைக் கவனிக்கவே தேவையில்லாதவருக்கும் 100 ரிங்கிட். கடைசிப் படியில் நிற்பவருக்கும் அதே 100 ரிங்கிட். யார் கடைசிப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பது, ஒரு விலைப் பலகையை மாற்றி எழுதுவதைவிடக் கடினமான வேலை. குடும்ப வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை பிள்ளைகள், முதியோர் உண்டா, அருகில் சந்தை உண்டா, வாடகை எவ்வளவு என்பனவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கோலாலம்பூரில் மூவாயிரம் ரிங்கிட் சம்பாதிக்கும் குடும்பத்துக்கும், கொல்லையில் நான்கு கோழி வளர்க்க இடமுள்ள சிற்றூரில் அதே மூவாயிரம் ரிங்கிட் சம்பாதிக்கும் குடும்பத்துக்கும், முட்டை விலை ஏறும்போது விழும் அடி ஒன்றாக இருப்பதில்லை.